சக்கரக்குழி

லாரி பின்பக்கமாக வந்து நின்றதும் சங்கரபாண்டி வழக்கம்போல் தலைத்துண்டை அவிழ்த்து நாலாக மடித்து இடது தோளில் போட்டுக்கொண்டான். ஊருக்குத் தெற்கே, பருத்திக்காடாகக் கிடந்த இடத்தில் புதுமில் எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் ஆளுயரம் வந்திருந்தது. கூரை இல்லை, பாதை என்று ஒன்று இல்லை, சரக்கு இறக்க மேடையும் இல்லை. ரயிலடி கூட்ஸ் ஷெட்டில் லாரித்தளத்தின் மட்டத்துக்குக் கல்மேடை கட்டியிருந்தார்கள். அங்கே எவன் வேண்டுமானாலும் இறக்கலாம், நெம்பித் தள்ளினால் போதும். மேடை இல்லாத இடத்தில் லாரிக்கும் தரைக்கும் நடுவே நாலடிப் பள்ளம். அந்த நாலடிக்குத்தான் கோவில்பட்டியில் சங்கரபாண்டியைத் தேடி வருவார்கள். இரண்டு பலகைகளைச் சாய்த்துப் போட்டு, மேலே நாலு பேர் வடத்தைப் பிடித்து விட்டுக்கொடுக்க, அவன் கீழே நின்று பெட்டிக்குத் தோள் கொடுத்து, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்து இறக்குவான். பதினெட்டு வருஷமாக அதுதான் வேலை. இடது தோளில் காளைக்குத் திமில் மாதிரி ஒரு புடைப்பு விழுந்திருந்தது. டீக்கடையில் உட்காரும்போது சட்டை போடாமல் உட்காருவான்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்" என்றான் கடற்கரை. "எதுக்குச் சரக்க நம்ம எறக்கணும்? லாரிய எறக்குவோம்."

கடற்கரை அவனுக்குச் சகலை. மனைவி வெயிலம்மாளின் தங்கை சீனித்தாயைக் கட்டியவன். தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணிச்சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான். அங்கே வேலை குறைந்துபோனபோது, "பேசாம இங்கன வந்து சேரு, நான் இருக்கேன்" என்று ஆள்விட்டுச் சொன்னது சங்கரபாண்டிதான். வந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. வந்த நாளிலிருந்து எதையாவது பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருப்பான். அன்றைக்கு மண்வெட்டியைக் கையில் எடுத்து அவனே கோடு கிழித்தான். பின்சக்கரங்கள் இறங்குகிற மாதிரி முன்னால் சரிவாகவும் பின்னால் செங்குத்தாகவும் ஒரு குழி. ஆவணி வெயிலில் காய்ந்து வெடித்த கரிசல், கடப்பாரையைப் போட்டால் கட்டிகட்டியாகப் பெயர்ந்தது. இரண்டு மணிநேரத்தில் வெட்டிவிட்டார்கள். டிரைவர் பிச்சை முகம்மது நம்பிக்கையில்லாமல்தான் பின்னால் எடுத்தார். சக்கரங்கள் சரிவில் இறங்க இறங்க லாரியின் பின்பக்கம் தாழ்ந்து, தளத்தின் விளிம்பு தரைமேல் வந்து உட்கார்ந்தது. வடத்தைக் கொஞ்சம் தளர்த்தியதும் பெட்டி தானாகவே உருளைத்தடிகளின்மேல் நழுவி வெளியே வந்தது. பன்னிரண்டு பெட்டிகளும் வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட்டன. யாருக்கும் மூச்சு வாங்கவில்லை.

"ஏ யப்பா! இது யாரு யோசன?" என்று கேட்டார் மில் சூப்பர்வைசர்.

"நம்ம கடற்கரதான் சார்" என்று ஆட்கள் ஒரே குரலில் சொன்னார்கள். சங்கரபாண்டியும் சிரித்தான். மடித்துப் போட்ட துண்டு தோளில் அப்படியே இருந்தது. அதில் ஒரு தூசி ஒட்டியிருக்கவில்லை.

அன்றைக்குச் சாயந்தரம் வெயிலம்மாள் வேப்பெண்ணெய் காய்ச்சவில்லை. கல்யாணமான நாளிலிருந்து, அவன் வேலை முடிந்து வந்து குளித்து உட்கார்ந்தால் அவள் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சூடு பொறுக்கிற எண்ணெயைத் தோளில் ஊற்றித் தேய்த்துவிடுவாள். இருவரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அவன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "சீனித்தாயி வந்து எல்லாம் சொன்னா. இனிமே ஒங்களுக்குத் தோள்பட்ட வலியே இருக்காதுன்னா. அந்தத் தம்பி நல்லா இருக்கணும்."

"ஆமா, நல்லா இருக்கட்டும்" என்றான். தோள் வலிக்கவில்லைதான். ஆனால் எண்ணெய் தேய் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கே மேடையில்லாத இடத்தில் லாரி வந்தாலும் கடற்கரையைத்தான் கூப்பிட்டார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குக் காகிதக்கட்டு வந்தாலும், நாகலாபுரம் ரோட்டில் பாலத்துக்கு இரும்பு வந்தாலும், "கடற்கர இருக்கானா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆள் வந்தது. மேஸ்திரி என்ற பெயர் சங்கரபாண்டிக்குத்தான் இருந்தது. கடற்கரையும் ஒவ்வொரு தடவையும், "அண்ணாச்சியக் கேட்டுக்கிடுங்க" என்றுதான் சொன்னான். அப்படி அவன் சொல்லுவது சங்கரபாண்டிக்கு இன்னும் எரிந்தது. அவன் திமிராகப் பேசியிருந்தால் ஒரு அறை விட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். டீக்கடையில் கடற்கரை பேப்பரை எழுத்துக்கூட்டி வாசிப்பான், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அவனுக்கு முதல் கிளாஸ் வரும். அவன் அதை வாங்கிச் சங்கரபாண்டியிடம் நீட்டுவான். சங்கரபாண்டி, "நீயே குடி, எனக்கு வயித்துக்குச் சேரல" என்று எழுந்து போய்விடுவான். போகிற வழியில், ஒரு டீக்காகவா இப்படி ஆகிவிட்டோம் என்று தன்மேலேயே வெறுப்பாக வரும். சட்டை போட்டுக்கொண்டு வெளியே போக ஆரம்பித்திருந்தான்.

ஐப்பசி பிறந்ததும் மில்லின் பெரிய எஞ்சின் வந்தது. சீமையிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து அங்கிருந்து லாரியில் ஏறியது, ஒரே பெட்டியாக நாலு டன். சூப்பர்வைசர் இரண்டு நாள் முன்பே கடற்கரையை அழைத்துப் பேசிவிட்டார். சங்கரபாண்டியும் பக்கத்தில் நின்றான். அவனைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தின நாளே குழி வெட்டிவிட்டார்கள். விடியப்போகிற நேரத்தில் ஒரு பாட்டம் மழை பெய்து நின்றது. காலையில் எல்லோரும் வந்தபோது குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இறைத்து வெளியே ஊற்றிவிட்டு, சுவரோரம் நனையாமல் கிடந்த மண்ணைக் கடற்கரை அள்ளிக் குழிக்குள் மேலாகத் தூவினான். பார்வைக்குக் காய்ந்த மாதிரிதான் இருந்தது.

"மழ பேஞ்சதும் நல்லதுக்குத்தான் அண்ணாச்சி. மண்ணு இறுகிக் கெடக்கும்" என்றான் கடற்கரை.

சங்கரபாண்டி அவனைத் திரும்பிப் பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடற்கரை மணல்தேசத்துக்காரன். தேரி மணல்மேட்டிலும் கடலோரத்திலும் மழை பெய்தால் மணல் இறுகும், அதன்மேல் வண்டி நன்றாக ஓடும். கரிசல் அப்படி இல்லை. காய்ந்தால் பாறை, நனைந்தால் எண்ணெயில் பிசைந்த மாவு. இது கரிசலில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு வந்திருந்த ஆட்களில் பாதிப்பேருக்கும் தெரிந்திருக்கும், ஆனால் கடற்கரை சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்கள் பழகிப்போயிருந்தார்கள். சங்கரபாண்டி குழிக்குள் இறங்கி, இடதுபக்கச் சக்கரம் வரவேண்டிய இடத்தில் கால் பெருவிரலை ஊன்றி அமுக்கினான். மேல்மண் விலகி விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நாற்பதடி தூரத்தில் பாதை போடுவதற்காகச் சரள்கல் குவித்துக் கிடந்தது. இருபது கூடை அள்ளிப் போட்டால் போதும். அரைமணிநேர வேலை.

"என்ன அண்ணாச்சி, தாங்கும்லா?" மேலே நின்று கடற்கரை கேட்டான்.

சங்கரபாண்டி காலைத் துடைத்துக்கொண்டு ஏறினான். "நீதான குழிக்காரன். ஒனக்குத் தெரியாததா?"

அவன் நினைத்ததெல்லாம் இவ்வளவுதான். சக்கரம் புதையும், லாரி மாட்டிக்கொள்ளும். சூப்பர்வைசர் கடற்கரையை நாலு பேர் முன்னால் திட்டுவார். அப்போது நாம் போய், "சரள அள்ளிக் கொண்டாங்கலே" என்று ஒரு சத்தம் கொடுப்போம். அன்றைக்குச் சாயந்தரம் இதை வெயிலம்மாளிடம் எப்படிச் சொல்வது என்பதுவரை யோசித்துவிட்டான். அதில் ஒரு மனுஷனுடைய கால் வரவே இல்லை.

பிச்சை முகம்மது லாரியைப் பின்னால் எடுத்தார். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பதற்காகக் கடற்கரை இடதுபக்கம் குழிச்சுவரோரமாக நின்றான். வலதுசக்கரம் நின்றது. இடதுசக்கரம் நிற்கவில்லை. புதைந்து, புதைந்த வாக்கில் பக்கவாட்டில் வழுக்கியது. பெட்டியைக் கட்டியிருந்த வடங்கள் முறுக்கேறிக் கிறீச்சிட்டன, லாரி ஒருபக்கமாகச் சாய்ந்தது. "பாய், நிறுத்துங்க!" என்று சங்கரபாண்டி கத்தும்போதே கடற்கரையின் குரல் கேட்டது. அலறல்கூட இல்லை. "அண்ணாச்சி" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். முட்டுக்கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே அவனுடைய வலதுகால் கணுக்காலுக்கு மேல்வரை மண்ணுக்குள் போயிருந்தது.

சங்கரபாண்டி எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. மண்வெட்டி போட முடியாது, கையால்தான் தோண்டவேண்டும். தலைக்குமேல் நாலு டன் பெட்டி சாய்ந்து நின்றது. மேலே ஆட்கள் வடத்தைச் சுவரோரத் தூண்களில் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தார்கள். மண் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு கை அள்ளினால் அரைக் கை திரும்ப வழிந்தது. கடற்கரை இரண்டு கைகளாலும் அவனுடைய கழுத்தைக் கட்டிப்பிடித்திருந்தான். கால் வெளியே வந்ததும் பலகையில் கிடத்தி, மாட்டுவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மண் இளகிக் கொடுத்ததால்தான் கால் தப்பியது என்றார் டாக்டர். கட்டாந்தரையாக இருந்திருந்தால் நசுங்கியிருக்குமாம். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கூடிவிடும், ஆனால் இனிப் பாரம் தூக்குகிற வேலை சந்தேகம்தான்.

எஞ்சினை மறுநாள் சங்கரபாண்டி இறக்கினான். சரள் கொட்டி, கருவேலங்கிளைகளை வெட்டி மிலாறு பரப்பி, பக்கத்துக்கு ஐந்து பேராக வடம் பிடிக்கவைத்து, பெட்டியின் மூலை எங்கேயும் இடிக்காமல் தரைக்குக் கொண்டுவந்தான். சூப்பர்வைசர் அருகே வந்து நின்றார். "என்ன இருந்தாலும் நீரு இல்லாம இங்க வேல நடக்காதுய்யா. அந்தப் பயல நம்புனது என் தப்பு" என்றார். காதில் விழாதா என்று இரண்டு மாசமாக அவன் ஏங்கிக் கிடந்த பேச்சு. விழுந்தது. அவன், "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு நடந்தான்.

ஆஸ்பத்திரியில் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். பிச்சை முகம்மது ஆரஞ்சுப்பழம் வாங்கி வைத்திருந்தார். டீக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். வெயிலம்மாள் விடிவதற்கு முன்பே கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தங்கையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தாள். சங்கரபாண்டி வாசலில் நின்று அந்தக் கூட்டத்தைப் பார்த்தான். நான் விழுந்து கிடந்தால் இத்தனை பேர் வந்திருப்பார்களா என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடியதும் அவனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இவ்வளவு ஆன பிறகும் அது உள்ளே அப்படியேதான் உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் போகும்வரை வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தான். மழை மறுபடியும் தூற ஆரம்பித்ததும் உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தான். கடற்கரையின் கால் மாவுக்கட்டுக்குள் முழங்கால்வரை வெள்ளையாக நீண்டு கிடந்தது.

"எஞ்சின் எறங்கிட்டா அண்ணாச்சி?"

"எறங்கிட்டு."

"எனக்குத் தெரியும். நீங்க இருக்கீங்கள்லா." அவன் சிரிக்கப் பார்த்தான். "இந்த மண்ணு எனக்குப் புரியல அண்ணாச்சி. நீங்க கால வச்சு அமுக்கிப் பாத்தீங்க. பாத்துட்டு ஒண்ணுஞ் சொல்லாம ஏறி வந்தீங்க. அதான் எனக்குத் தைரியம். அண்ணாச்சியே பாத்துட்டாவ, இனி என்னன்னு நெனச்சேன்."

அதை அவன் குத்திச் சொல்லுகிறானா, வெள்ளையாகத்தான் சொல்லுகிறானா என்று சங்கரபாண்டி அவன் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. வலியும் தூக்கக்கலக்கமும்தான் இருந்தன. பேசாமல் எழுந்து போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. இவன் சாகும்வரை என்னை நல்லவன் என்றே நினைத்துக்கொண்டிருப்பான். சங்கரபாண்டி சட்டையின் மேல்பித்தானைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"வழுக்குனுச்சு" என்றான்.

"என்ன அண்ணாச்சி?"

"வெரல வச்சதும் வழுக்குனுச்சுலே. தாங்காதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் ஏறி வந்தேன்."

அடுத்த கட்டிலில் ஒரு கிழவர் இருமிக்கொண்டிருந்தார். மணியாச்சிப் பக்கம் போகிற ரயிலின் சத்தம் தூரத்தில் கேட்டுத் தேய்ந்தது. கடற்கரை தலையைத் திருப்பிச் சங்கரபாண்டியைப் பார்த்தான். கோபம் வரும், கத்துவான், அடிக்கக்கூட எட்டுவான் என்று சங்கரபாண்டி எதிர்பார்த்தான். அதற்காகவே இன்னும் கொஞ்சம் அருகே நகர்ந்து உட்கார்ந்தான்.

"ஏன் அண்ணாச்சி?" என்றான் கடற்கரை. நிஜமாகவே தெரியாமல், ஒரு கணக்குப் புரியாத மாதிரி கேட்டான். "நான் ஒங்கள என்ன செஞ்சேன்?"

சங்கரபாண்டி வாயைத் திறந்தான். டீ கிளாசைச் சொல்வதா, வேப்பெண்ணெயைச் சொல்வதா, தோளில் தூசி ஒட்டாத துண்டைச் சொல்வதா? ஒவ்வொன்றும் நாக்குவரை வந்து, சொல்லும் அளவுக்குப் போதாமல் சிறுத்துப்போனது. ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, நனைந்த கரிசலில் இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒரே சாக்கை இருவர் தலைக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். வெயிலம்மாளின் இடுப்பில் தூக்குவாளி. பாதி தூரத்தில் நின்றார்கள்; காலில் மண் அப்பி அப்பிப் பெரிய மிதியடி மாதிரி ஆகிவிட்டது போலிருக்கிறது. சீனித்தாய் அக்காளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று, ஒரு குச்சியால் பாதத்தைச் சுரண்டினாள். சுரண்டி முடித்து அந்தக் காலை ஊன்றியதும், வெயிலம்மாள் வாளியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு தன் காலைத் தூக்கினாள்.