கல்லில் முப்பத்தொரு பெயர்

நியூஃபவுண்ட்லாந்தின் அந்தச் சின்னக் கடலோர ஊரில், நர்ஸ் வெர்னா பார்டி வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்கதவு மூடுபனி நாட்களில் மட்டும் நூறு வருடத்துக்கு முந்தைய அதே தேதிக்குத் திறந்தது. மற்ற நாட்களில் கதவுக்கு வெளியே அவளுடைய துணிக்கொடிதான். முதல் தடவை பயந்துபோய்ச் சாத்திவிட்டாள். இரண்டாம் தடவை, அங்கே படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"குளிருல நிக்காத பொண்ணே. ஒண்ணு வா, இல்ல போ."

அவள் போனாள்.

அவன் அசரையா கீப்பிங். மூக்கு ஒருமுறை உடைந்து கோணலாகச் சேர்ந்தவன். தம்பி செல்பி, தம்பி மனைவி எஃபியோடு வாழ்ந்தான். அவனால் அவள் வாசலைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. சுவரில் மோதியது போல நின்றுவிடுவான். அதனால் அவள்தான் போனாள், நவம்பரிலிருந்து பதினோரு மூடுபனி நாட்கள். ஏழாவது நாள் அவன் முத்தமிட்டபோது தார் வாசனை அடித்தது. வாசனை ஏறிய தன் மேல்கோட்டை அவள் துவைக்கவே இல்லை.

பிப்ரவரியில் ஒரு நோயாளியின் அடக்கத்துக்குத் தேவாலயம் போனவள், சுவரில் பதித்த கல்லைப் பார்த்தாள். கடல்நாய் வேட்டைக்குப் போய், 1909 மார்ச் முப்பதாம் தேதி பனிப்பாளத்தில் உறைந்து செத்த முப்பத்தொரு பேர். பதினெட்டாவது பெயர் அசரையா கீப்பிங்.

அடுத்த மூடுபனியில் அவனிடம் ஓடினாள். ஜனவரிப் புயலில் படகுத்துறை போய்விடும் என்று பழைய பதிவேட்டில் படித்து அவள் சொன்னது அப்படியே நடந்திருந்தது. அதனால் அவன் சிரிக்கவில்லை.

"சரி, போகல. வேட்டைக் கப்பல் சீட்டைத் திருப்பிக் குடுத்துடறேன்."

மறுநாள் தேவாலயத்துக்குப் போனாள். கல்லில் அசரையா இல்லை. அவன் இருந்த இடத்தில் செல்பி கீப்பிங் என்றிருந்தது. அந்த எழுத்துகளும் மற்ற எழுத்துகளைப் போலவே நூறு வருடம் தேய்ந்திருந்தன.

அவள் சொல்லவில்லை. அடுத்த மூடுபனியில் அசரையாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்பினாள். செத்துப் பல காலமான செல்பி இன்னொரு தடவை சாவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அன்று தூக்கம் வரவில்லை.

அதற்கடுத்த தடவை போனபோது அடுப்படியில் எஃபி மட்டும் இருந்தாள். ஏழு மாத வயிறு. "அக்கா, குழந்த ஒரே உதை. கொஞ்சம் பாருங்களேன்." வெர்னா கை வைத்துப் பார்த்தாள், தலை சரியாக இருந்தது. "அண்ணன் திருப்பிக் குடுத்த சீட்ட இவரு போயி வாங்கிட்டாரு. கப்பல் பிடிக்க நேத்தே செயின்ட் ஜான்ஸுக்கு ரயில் ஏறிட்டாரு. புள்ள பொறக்கறதுக்குள்ள வந்துருவாரு, இல்ல?"

வெர்னா நேரே முற்றத்துக்குப் போய் அசரையாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எப்பத்துலருந்து தெரியும்?"

"போன தடவையே தெரியும். நீ இருக்கணும்னு சொல்லாம இருந்துட்டேன்."

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவளுடைய கைகளை எடுத்துத் தன் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினான்.

"கப்பல் கேப்டன்கிட்ட சொல்லேன்!"

"சொன்னா என்னைத் தூக்கி அங்கியே கடல்ல போட்ருவாரு. மார்ச் முப்பது வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

"வெளையாடாத. அவனையும் எறக்கு. ரெண்டு பேருமே போகாதீங்க."

"அப்ப கல்லுல அந்த எடம் காலியா இருக்குமா, வெர்னா?"

அவள் கைகளை இழுத்துக்கொண்டாள்.

"வேற எவனாவது வருவான். அவனுக்கும் ஒரு எஃபி இருப்பா. எனக்கு அவன் மூஞ்சி தெரியாது, அவ்வளவுதான். செல்பி மூஞ்சி தெரியுமே."

"என் மூஞ்சி?"

அவன் அவள் கன்னத்தைத் தொட்டான். பிறகு உள்ளே போய்ப் பூட்ஸை எடுத்து வந்தான். அவள் அதைப் பிடுங்கினாள். அவன் விட்டுக்கொடுத்து, அவளே தரும்வரை நின்றான். கடைசியில் தந்தாள்.

மறுவாரம் கல்லில் மறுபடியும் அவன் பெயர். வெர்னா மாவட்டப் பதிவேடுகளையும் அந்தக் காலத்துச் செய்தித்தாள்களையும் புரட்டினாள். எங்கே உறைந்தார்கள், எந்தத் திசையில் நடந்தார்கள், எல்லாம் தெரிந்தது. யாரிடம் சொல்வது?

மார்ச் முப்பதாம் தேதி வெயில் பளீரென்று அடித்தது. வேலைக்குப் போகுமுன் பின்கதவைத் திறந்தாள், துணிக்கொடி. மதியம் வந்து திறந்தாள், துணிக்கொடி. சாயங்காலம் நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு, வராத மூடுபனியைக் கெஞ்சினாள்.

ஏப்ரல் ஏழாம் தேதிதான் வந்தது. அன்று அவனும் வந்திருந்தான். சமையல் மேசைமேல் கிடத்தியிருந்தார்கள். செல்பி அடுப்போரம் தலையைப் பிடித்து உட்கார்ந்திருந்தான்.

"கப்பல் கெளம்பற அன்னிக்கு வந்தான். எஃபிக்கு வலி வந்துருச்சு, ஓடுன்னான். பொய்! என் எடத்துல அவன் ஏறிட்டான். ஏன் அப்படிப் பண்ணான்? உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல" என்றாள் வெர்னா.

எத்தனையோ சவங்களைக் குளிப்பாட்டி உடுத்திய கைகள் அவளுடையவை. கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டினாள். இரண்டாவது காலுறை அவன் கட்டைவிரலில் சிக்கிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை, இன்னும் இழுத்தாள்.

எஃபி அதை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "நான் போட்டுடறேன் அக்கா. நீங்க அவர் கையப் புடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டாள். எவ்வளவு தேய்த்தும் அது சூடாகவில்லை.