நூற்றிருபது கிராம் சோறு

காரின் முன்பக்க இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள் அவள். ஒரு பேனா மூடி வந்தது. கசங்கிய பார்க்கிங் சீட்டு ஒன்று வந்தது. விரல்களில் கிரீஸ் அப்பிக்கொண்டது. கதவுப் பையில் கண்ணாடி துடைக்கிற துணியும், வண்டி ஓட்டப் பழகுகிறவர்களின் பெயர் எழுதிய அட்டையும் இருந்தன. பேக்கரித் தாள் ஒன்றுகூட இல்லை.

"அம்மா, இங்க என்ன தேடுறீங்க?" மகள் வாசலிலிருந்து ஓடி வந்தாள். "உள்ள எல்லாரும் உங்களைக் கேக்கறாங்க."

"ஒண்ணுமில்ல."

"இன்ஷூரன்ஸ் பேப்பரா? அதெல்லாம் சித்தப்பா பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு."

"ஒண்ணுமில்லங்கறேன்ல."

இதே இருக்கையில்தான் நேற்றுக் காலை பத்தே முக்கால் மணிக்கு அவள் கணவர் இறந்துபோனார். டிரைவிங் ஸ்கூலில் இருபத்தாறு வருடம் சொல்லிக்கொடுத்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் எடுத்தார்கள். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். இப்போது ஹாலில் கட்டிலில் கிடக்கிறார். நாலு மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் டாக்டர், "இதயம் ரொம்பக் கஷ்டப்படுது. பதினெட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். திரும்பி வரும் வழியிலேயே அவள் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிட்டாள். புத்தகம் அளவுக்கு இருக்கும். மேலே கண்ணாடி, ஓரத்தில் நம்பர். அன்றிலிருந்து சோறு நூற்றிருபது கிராம். கோழி எண்பது. வேர்க்கடலை பதினைந்து. கிண்ணத்தை வைத்து, நம்பரைப் பூஜ்யமாக்கி, ஒவ்வொரு கரண்டியாகப் போடுவாள். அவர் சமையலறைக் கதவோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிறவர் மாதிரி நிற்பார்.

"இன்னும் ரெண்டு பருக்கை போடேன். அதுக்குத் தெரியவா போகுது?"

"அதுக்குத் தெரியும்."

"எதிர்வீட்டுப் பூனைக்கு இதைவிடத் தாராளமா வெக்கறாங்க."

"அப்ப எதிர்வீட்டுக்குப் போங்க."

இப்படிச் சிரித்துக்கொண்டேதான் நாள் போனது. பத்தொன்பது கிலோ குறைந்தது. பேன்ட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்தார்கள். போன வாரம் டாக்டர் அவரை விட்டுவிட்டு இவளுக்குக் கை கொடுத்தார். நேற்று அதே டாக்டர், "நீங்க குறைக்கலைன்னா இன்னும் முன்னாடியே போயிருப்பாரும்மா" என்று சொன்னபோது அவள் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தராசுக் கண்ணாடியில் சிந்திக்கிடந்த ஒற்றைப் பருக்கையை அவர் விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "அதுவும் கணக்குத்தான்" என்று சொன்னாள். அவர் ஈர விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பசியோடுதான் இருந்தாரா? பதினோரு மாதமுமா? எங்கேயாவது ஒளிந்து நின்று ஒரு வாய் தின்றிருக்க மாட்டாரா?

கார் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஒரு நிமிடத்துக்குமேல் முடியவில்லை. எழுந்துபோய்க் கழுவி வைத்திருந்த டம்ளர்களை மறுபடி கழுவினாள். பீரோவைத் திறந்து அவருடைய பேன்ட் பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பார்த்தாள். பிறகு பின்கட்டுக்கு வந்தாள்.

அங்கே அவரோடு வேலை பார்த்தவர் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கிளட்ச் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும். அவரு உங்ககூட வெளியில ஏதாவது சாப்பிடுவாரா?"

கிளட்ச்சுக்கு முகம் மாறியது. செத்த மனிதர்மேல் குற்றம் விழுகிறது என்று நினைத்துவிட்டார். "சத்தியமா இல்லம்மா. அந்த விஷயத்துல மாஸ்டரை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. முதலாளி பொண்ணு பாஸ் பண்ணிச்சுன்னு ஆபீஸ்ல கேக் வெட்டினாங்க. ஒரு துண்டு தொடல. 'வீட்ல அளந்து வெச்சிருக்கா, இங்க தின்னா அங்க கணக்கு உதைக்கும்'னுட்டு வெளிய போய் நின்னுக்கிட்டாரு. நாங்க தின்னு முடிச்சதுக்கப்புறம்தான் உள்ளயே வந்தாரு."

பெருமையாகத்தான் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

செருப்பைக்கூட மாட்டாமல் தெருமுனை டீக்கடைக்கு நடந்தாள். "அம்மா! இந்த நேரத்துல எங்க போறீங்க?" என்று மகள் பின்னாலிருந்து கத்தியது கேட்டது. டீக்காரர் அவளைப் பார்த்ததும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"ஏம்மா நீங்க வந்தீங்க? நானே வரலாம்னு இருந்தேன்."

கேட்டாள்.

"சர்க்கரை இல்லாம ஒரு டீ. அவ்வளவுதாம்மா. அவரு வந்தா நானே பிஸ்கட் பாட்டிலை எடுத்து அந்தப் பக்கம் வெச்சிடுவேன். கண்ணு முன்னாடி எதுக்குன்னு…"

திரும்பி வரும்போது கால் சுட்டது. கால் சுடுவது தெரிந்தும் அவள் வேகத்தைக் கூட்டவில்லை.

மூன்றரை மணிக்குக் கணக்கு டீச்சர் வந்தார். ஓய்வு பெற்றபின் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து, மூன்று தடவை டெஸ்ட்டில் தோற்றவர். நேற்று அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தது அவர்தான். உள்ளே வரத் தயங்கி வாசல்படியோரமே நின்றார். அவள் டீச்சரின் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள்.

"'செகண்ட் போடுங்க டீச்சர்'னாரு. போட்டேன். அப்புறம் ஒண்ணும் சொல்லல. நான் நல்லா ஓட்டறேன் போலன்னு நெனச்சேம்மா. ரெண்டு தெரு ஓட்டினேன். இன்னிக்கு ஒரு திட்டுகூட வரலயேன்னு சந்தோஷமா ஓட்டினேன். சிக்னல்ல நிறுத்திட்டுத்தான் திரும்பிப் பாத்தேன்."

"உங்க தப்பு இல்ல டீச்சர்."

"இனிமே ஸ்டியரிங்கையே தொட மாட்டேன்."

"உங்ககூட வரும்போது ஏதாவது சாப்பிடுவாரா?" என்று கேட்டாள்.

"இல்லையே. நான் குடுத்தாக்கூட…" டீச்சர் பாதியில் நிறுத்தினார். எதிரே நின்ற முகத்தைப் பார்த்தார். விடை தெரியாமல் கரும்பலகை முன்னால் நின்ற எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்த கண் அது.

"சாப்பிடுவாரு" என்றார்.

"நிஜமாவா?"

"கிளாஸ் முடிஞ்சதும் பேக்கரி வாசல்ல ஓரம் கட்டச் சொல்வாரு. பார்க்கிங் பழகறதுக்குன்னு சொல்லித்தான். வீட்ல சொல்லிடாதீங்க டீச்சர்ம்பாரு."

"என்ன வாங்குவாரு?"

"பன்னு."

"என்ன பன்னு?"

டீச்சர் சுவரைப் பார்த்தார். "தேங்காய் பன்னு. ரெண்டு. ஒண்ணு போதாது அவருக்கு."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமாக அவர் தேங்காயைத் தொட்டதில்லை. ஒரு துணுக்கு வாயில் பட்டாலும் எழுந்துபோய்த் துப்பிவிட்டு வருவார். அந்த வீட்டில் தேங்காய் வாங்கியதே இல்லை. டீச்சரின் கழுத்தில் வியர்வை பூத்திருந்தது. பொய் சொல்லிப் பழகாதவர்.

"ஆமா," என்றாள் அவள். "தேங்காய்னா அவருக்கு உயிரு."

டீச்சர் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, மூடினார். அவள் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து அவரிடம் கொடுத்தாள்.

ஹாலிலிருந்து கொழுந்தனார் எட்டிப் பார்த்தார். "அண்ணி, நேரமாச்சு."

நான்கு பேர் நின்றார்கள். தலைப்பக்கம் கொழுந்தனாரும் கிளட்ச்சும், கால்பக்கம் ஸ்கூலிலிருந்து வந்த இருவர். எல்லாருமே மாஸ்டரோடு வருடக்கணக்கில் பழகியவர்கள். கிளட்ச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். குனிந்தார்கள், காலை அகட்டி ஊன்றினார்கள், மூச்சைப் பிடித்தார்கள்.

"ம், தூக்கு."

அவர்கள் நினைத்ததைவிடச் சட்டென்று மாஸ்டர் மேலே வந்துவிட்டார். கிளட்ச் அரையடி பின்னால் தடுமாறினார். கொழுந்தனாரின் கை மார்புக்குமேல் போய் நின்றது. பிறகு மெதுவாக மற்றவர்கள் கை இருந்த உயரத்துக்கு இறங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"பாத்து, பாத்து," என்றார் யாரோ.

அவள் முன்னால் போய்க் கதவின் இரண்டாவது பாதியையும் திறந்து, அது காற்றில் சாத்திக்கொள்ளாதபடி முதுகால் அழுத்திக்கொண்டு நின்றாள்.