ஒட்டிவைத்த பாதி

ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் காத்துக்காரி. சூரியனிலிருந்து ஓயாமல் வீசுகிறதே துகள்களின் காற்று, அது காந்தக் கவசம் இல்லாத ஒரு கிரகத்தின் மேலடுக்குக் காற்றில் மோதினால் என்ன கூத்து நடக்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவள் பிழைப்பு. அந்தக் கிரகத்தைச் சுற்றிவரும் விண்கலத்தில் இருந்ததோ, கசியும் காற்றைப் படம்பிடிக்க அவள் புருஷன் செய்த கருவி. கிழடு தட்டிப்போன கருவி. இன்னும் ஒரே ஒரு பார்வைக்குத்தான் தாங்கும். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று மத்தியானத்துக்குள் அவன் சொல்லியாக வேண்டும்.

இத்தனை வருஷமும் அவள் கிரகத்தின் தெற்குப் பாதியைத்தான் கணக்கிட்டாள். வடக்குப் பாதிக்கு அதையே கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பி ஒட்டிவிடுவாள். அந்தத் தொழிலில் பலரும் செய்கிற சிக்கனம்தான். போன வாரம் பெரிய கணினி சும்மா கிடக்கவே, ஆசைக்கு முழு உருண்டையையும் ஓடவிட்டாள்.

திரையைப் பார்த்தவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. கிரகத்தின் முதுகுப்பக்கம் வால்போலக் காற்று கசிவது எல்லாருக்கும் தெரிந்த கதை. இதுவோ வடக்கு உச்சியிலிருந்து, கொதிக்கும் பானையின் மூடியைத் திறந்ததும் கிளம்புகிற ஆவிபோல் எழுந்தது. தெற்கே அப்படி ஒன்றுமே இல்லை. அடேயப்பா, ஓர் உலகம் இப்படியா மூச்சுவிடும்!

குழுத்தலைவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஒரு பக்கம் மட்டும் வருதுன்னா கணக்குல எங்கயோ ஓட்டை இருக்கும்மா. வால் பக்கமே திருப்பலாம். அங்க கண்டிப்பா ஏதாவது கிடைக்கும்."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஓட்டை அகப்படவில்லை. சூரியக் காற்று தன்னோடு இழுத்துவரும் காந்தப்புலத்தால் ஒரு மின்விசை பிறக்கிறது. அது ஒரே திசையில்தான் தள்ளும். இப்போது வீசும் காற்றுக்கு அந்தத் திசை வடக்கு. ஒட்டிவைத்த பாதிதான் இத்தனை நாளும் அதை மறைத்திருக்கிறது. எல்லாம் சரிதான். ஆனாலும் தப்பினால் போவது அவள் மானம் மட்டுமா? புருஷனின் பாதி ஆயுசு உழைப்பும் அல்லவா வீணாகும்!

நடைவழியில் அவனைப் பிடித்து நிறுத்தினாள். "என்னை நம்பாதீங்க. வால் பக்கமே திருப்பிடுங்க."

"ஓட்டை கிடைச்சுதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன பயம்? வீட்டுல நான் சொல்றதைப் பாதி கேட்டுட்டு மீதியை நீயே முடிச்சுக்குவே. இந்த ஒரு விஷயத்தையாவது முழுசா பார்த்திருக்கே. வடக்கேயே திருப்பறேன்."

"விளையாடற நேரமா இது?" என்று அவள் பதறுவதற்குள் அவன் போய்விட்டான்.

சாயங்காலம் தகவல் வந்தது. முதலில் வெறும் இருட்டு. தலைவர் தொண்டையைக் கனைத்தார். அவள் புருஷனின் சட்டைக்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு ஒரு கொத்து. பிறகு திரை முழுக்கச் சாய்ந்து எழும் ஒரு தூண், அவள் கணக்கில் வந்த அதே சாய்வில்.

"அம்மாடியோவ்!" என்றார் தலைவர்.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எட்டாத தூரத்தில், பார்க்க ஓர் ஆள்கூட இல்லாமல், ஓர் உலகத்தின் காற்று இப்படித்தான் யுகயுகமாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அதை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்டுவிட்டாளே!

திடீரென்று திரை வெளுத்தது. கருவி நின்றுவிட்டது.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "போகட்டும். யாருமே பார்க்காததை..." வெளுத்த திரையை உள்ளங்கையால் தடவினான். கொஞ்ச நேரம் பொறுத்து, "பார்த்துட்டுத்தானே போயிருக்கு," என்றான்.

இந்தத் தடவை அவன் முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.