நூலில் கட்டிய குண்டு

அக்கா, நீ தூங்கியிருப்பாய். அப்பாவுக்கு இந்த வாரம் இரவு வேலை, வீட்டில் நானும் அம்மாவும்தான். அவள் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. போனில் பேசினால் கேட்டுவிடும், அதனால் எழுதுகிறேன். பாதியில் விட்டுவிடாதே.

அம்மாவின் கை நடுங்குகிறது.

முதலில் டம்ளரில்தான் கவனித்தேன். மேசையில் வைக்கும்போது டகடகவென்று தட்டும். கேட்டதற்கு, "நாள் முழுக்க சாக்பீஸ் புடிச்ச கைடி, ஆடாம என்ன பண்ணும்" என்றாள். நானும் விட்டுவிட்டேன். நேற்று நூலக மாடியில் ஒத்திகை பார்த்தபோதுதான் அது வெறும் அலுப்பு இல்லை என்று புரிந்தது.

மாதாமாதம் அவள் ஊர்க்காரர்களுக்கு இயற்பியல் பேசுவாளே, அதன் கடைசி அயிட்டம் உனக்கு நினைவிருக்கும். கூரைக் கொக்கியிலிருந்து கம்பியில் இரும்புக் குண்டு தொங்கும். அம்மா ஜன்னல் ஓரச் சுவரில் தலையைச் சாய்த்து நின்று, குண்டைத் தாடை வரை இழுத்து, விட்டுவிடுவாள். அது கூட்டத்தின் பக்கம் போய், நேராக அவள் முகத்துக்குத் திரும்பி வந்து, தொடுவதற்கு முன்னால் நின்று மறுபடி போகும். விட்ட உயரத்தைத் தாண்டி அதனால் ஏற முடியாது. ஒன்றே ஒன்று, விடும்போது தள்ளக் கூடாது. தள்ளினால் அந்தத் தள்ளு அப்படியே முகத்துக்குத் திரும்பி வரும்.

நேற்று விடுகிற நேரத்தில் அவள் விரல்கள் உதறின. குண்டு வந்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குண்டு உரசியதில் கன்னத்தில் எண்ணெய்க் கறை.

"முன்னாடி சாஞ்சுட்டேன் போல," என்றாள்.

சாயவில்லை. நான் பார்த்தேன்.

"நாளைக்கு இத விட்டுடலாம்மா."

"இத விட்டா அப்புறம் என்ன இருக்கு? சூத்திரம் கேக்கவா ஜனங்க மாடி ஏறி வராங்க?"

இன்று மாலை நாற்காலி போதவில்லை. முன்வரிசையில் வழக்கம்போல இரும்புக்கடைக்காரர். எப்போதும் குறுக்கே கேள்வி கேட்பதால் குறுக்கே மாமா என்று அவருக்குப் பெயர் வைத்ததே நீதான். அம்மா மெழுகுவர்த்தியை ஏற்றி நிழலைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே எழுந்துவிட்டார்.

"மேடம், நிழலுக்கு எடை உண்டா?"

"ஆணி நிறுக்கிற தராசு உங்க கடையிலதான இருக்கு. நிறுத்துப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. அம்மாவும் கலகலப்பாகத்தான் இருந்தாள். ஒரு கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே பேசினாள்.

பிறகு குண்டைத் தூக்கித் தாடைக்குக் கொண்டுபோனாள். கம்பி நடுங்கியது, கூரை வரைக்கும். அவள் நடிக்கிறாள் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள்.

"பயமா இருந்தா ஹெல்மெட் தரவா மேடம்?" என்றார் குறுக்கே மாமா.

அம்மா சிரிக்கவில்லை. விளக்கு சுவிட்ச் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை அக்கா. எப்படி மேடை ஏறினேன் என்று தெரியவில்லை. குண்டுக்கு அடியில் என் இரண்டு கையையும் கொடுத்தேன்.

"கீழ போடி," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நூல்ல கட்டலாம்மா. நூல எரிச்சு விட்டா யாரு தள்ளுவா? உங்க காலேஜ் லேப்ல அப்படித்தான பண்ணுவீங்க."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பல்லு போறத பாக்கறதுக்கு இது தேவல."

குண்டின் கனம் கொஞ்சம் கொஞ்சமாக என் கைக்கு வந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

"கையால விட்டா, நான் ஏதோ வித்தை பண்ணிட்டேன்னு நம்ம இரும்புக்கடைக்காரர் சொல்லுவாரு. அதனால இன்னிக்குக் கையே வேணாம். நூல் விடட்டும்."

மேசையில் கிடந்த நூலை எடுத்துக் குண்டை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். முடிச்சை அவள் தொடவே இல்லை. சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணைத் திறந்தபடி நின்றாள். நூல் அவள் காதை ஒட்டிப் போனது. முடியை ஒதுக்கிவிட்டு மெழுகுவர்த்தியைக் கிட்டே கொண்டுபோனேன்.

நூல் கருகியது. அறுந்தது.

குண்டு போனது. திரும்பி வந்தது. யாரும் தள்ளவில்லை, வந்து மோதாது, அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மூச்சு விட முடியவில்லை. அவள் தாடைக்கு ஒரு விரற்கடை தள்ளி அது நின்றது, பின்வாங்கியது. ஒரே கைதட்டல். நான் அழுதுவிட்டேன்.

"பாப்பா பயந்துடுச்சு பாவம்," என்றார் குறுக்கே மாமா.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பாதி வழியில் அம்மா கேட்டாள்:

"எப்ப கண்டுபுடிச்ச?"

"கொஞ்ச நாளாவே."

"எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். போர்டுல எழுதினா எழுத்து சின்னதாகிட்டே போவுது. பின்னாடி பெஞ்சுக்குத் தெரியலன்னு பசங்க சொல்றாங்க."

"டாக்டர்கிட்ட போனியா?"

"இல்ல."

"ஏம்மா?"

"குண்டு எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும். இது எங்க நிக்கும்னு தெரியலையே."

நாளைக்கே போகலாம், நான் ஸ்கூலுக்கு லீவு போடுகிறேன் என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்'மை நான் நம்பவில்லை. நான் சொன்னால் சின்னப் பிள்ளை பேச்சு என்று தள்ளிவிடுவாள். நீ சொன்னால் அப்படித் தட்ட மாட்டாள். விடிந்ததும் போன் பண்ணு. நான்தான் சொன்னேன் என்றே சொல், என்னைத் திட்டினால் திட்டிக்கொள்ளட்டும். முடிந்தால் கிளம்பி வந்துவிடு. அவளோடு ஆஸ்பத்திரி வாசலில் தனியாக உட்கார எனக்குப் பயமாக இருக்கிறது.

விளக்கு இன்னும் அணையவில்லை. உள்ளே ஏதோ விழுந்த சத்தம், பிறகு அவள் குனிந்து தேடுகிற சத்தம். கதவைத் தட்டினால் கோபிப்பாளோ என்று இருக்கிறது. இருந்தாலும் தட்டப் போகிறேன்.