கவுன் அளவு

கடைசிக் குளியலுக்காகப் பெஞ்சில் கிடத்தியிருந்த அம்மாவின் தலையில் வைப்பதற்காகப் பத்மாவதி எண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

“நவுருங்கடி! பொண்ணு வந்துட்சி!” என்று கத்தினாள் எதிர்வீட்டு ரத்னம்மா.

பத்மாவதியின் விரல் எண்ணெயிலேயே நின்றது. பெற்ற பெண் இவள்தான். வந்தவள் நடிகை தேவசேனா. குழந்தை நட்சத்திரமாக இருந்தபோது பல படங்களில் அம்மாவுக்கு மகளாக நடித்தவள்.

அம்மா அலர்மேல்மங்கை சென்னையில் படத்துக்குப் படம் யாருக்காவது தாயாகி, இடைவேளைக்கு முன்பே செத்துப்போவாள். பத்மாவதி நகரி ஊரில் சின்னம்மா வீட்டில், தறிச் சத்தத்தில் வளர்ந்தாள். திரையில் அம்மா தேவசேனாவுக்குத் தலை வாரிவிடும் காட்சி வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

தெருவே செல்போனைத் தூக்கிப் பிடித்தது. தேவசேனா கால்மாட்டில் விழுந்து அழுதாள். அந்த அழுகைகூட அழகாக இருந்தது. பத்மாவதிக்குக் காலையிலிருந்து கண்ணீரே வரவில்லை.

“மொத எண்ணெய அந்தம்மா வெக்கட்டுமே, பத்மா. சானல்காரங்க வேற நின்னுகினு கீறாங்க.”

“ஏன், பெத்த பொண்ணு செத்துப் பூட்டாளாக்கா?”

ரத்னம்மா பின்னால் நகர்ந்துகொண்டாள். தேவசேனா கண்ணைத் துடைத்தபடி எழுந்தாள்.

“நீங்கதான் பத்மாவா? சின்ன வயசுல உங்க மேல எனக்கு அவ்வளவு கோவம். ஷூட்டிங் முடிஞ்சதும் அம்மா என்னை பாண்டி பஜாருக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஒவ்வொரு கவுனா எனக்குப் போட்டுப் பாப்பாங்க. ‘எம்பொண்ணும் உன் உசரந்தான்’னு சொல்லிட்டு, கழட்டி வாங்கிப்பாங்க. ஒண்ணுகூட எனக்கில்ல.”

தீபாவளிக்கு முன்னால் பார்சலில் வரும் அந்தக் கவுன்கள்.

“எல்லாமே எனக்குத் தொளதொளன்னுதான் இருந்துச்சி,” என்றாள் பத்மாவதி. “சின்னம்மாதான் தோள்ல புடிச்சித் தெச்சிக் குடுக்கும்.”

தேவசேனா அவளுடைய ஒடுங்கிய தோளைப் பார்த்தாள்.

பத்மாவதி முதல் எண்ணெயை உச்சியில் வைத்தாள். நெற்றியில் வழியும்வரை தேய்த்தாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைக்காமல் நீட்டினாள்.

தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருத்தி நிற்கத்தான் இடமிருந்தது. இருவரும் ஒட்டி நின்றார்கள். தேவசேனாவின் தோள் இப்போதும் கொஞ்சம் அகலமாகத்தான் இருந்தது.