வாளியில் மொண்ட கடல்

கடல் அறுபது வருடத்துக்கு ஒருமுறை தானாகவே கொஞ்சம் சூடேறி, தானாகவே ஆறும் என்று காட்ட ஒன்பது வருடம் மாடாய் உழைத்தேன். பழைய கப்பல் பதிவேடுகளில் குறித்திருந்த கடல்நீரின் வெப்பநிலையை என் மனைவி கணினியில் ஏற்றுவாள். நான் வரைபடம் போடுவேன். ஒரே அலுவலகம், அடுத்தடுத்த மேசை. வீட்டுச் சண்டையை இங்கே வந்துதான் முடிப்போம் என்று எங்கள் பிரிவே கிண்டலடிக்கும்.

கடைசியில் வரைபடத்தில் அந்த அலை கிடைத்தது. ஏறி இறங்கி, அவ்வளவு லட்சணமாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குக் கட்டுரை போகவேண்டும். போனால், ஓய்வு பெறப்போகும் பிரிவுத் தலைவரின் நாற்காலி எனக்குத்தான் என்று பேச்சு.

வியாழன் மத்தியானம் அவள் மூன்று பதிவேடுகளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் ‘வாளி’, ‘வாளி’ என்றே வந்து, ஒரு வருடத்திலிருந்து ‘குழாய்’ என்று மாறியிருந்தது. முன்பு வாளியைக் கயிற்றில் இறக்கித் தண்ணீர் மொண்டிருக்கிறார்கள். அளப்பதற்குள் அது காற்றில் ஆறிவிடும். பிறகு இயந்திர அறைக்குப் போகும் குழாயிலேயே அளந்திருக்கிறார்கள். அங்கே சூடு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். என் அலை விறுவிறுவென்று ஏறியது சரியாக அந்த வருடம்தான்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கடைசிக் கட்டத்தைக் கணினியில் ஏற்றவேண்டாம், அது வெட்டி வேலை என்று ஆரம்பத்தில் சொன்ன புண்ணியவான் நானேதான்.

அந்த மூன்றையும் திருத்திப் பார்த்தேன். அலை பாதியாகப் படுத்துவிட்டது. மிச்சப் பதிவேடுகளையும் திருத்தாமல் ஒன்றும் சொல்லமுடியாது. முதலில் அனுப்பிவிடலாம், திருத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளிடம் இழுத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூடச் சொன்னேன், வெட்கமே இல்லாமல்.

அவள் கோபப்படவில்லை. பட்டிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன்.

“அனுப்புங்க. அதுல என் பேரு இருக்குல்ல, அதை மட்டும் எடுத்துடுங்க.”

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கட்டுரையைத் திறந்தேன். இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவள் பெயரை அழிக்கக் கை வரவில்லை.

எழுந்துபோய்த் தலைவரிடம், கட்டுரை வராது, தப்பு என்னுடையது என்றேன். எல்லாவற்றையும் திருத்த இரண்டு வருடமாகுமே, நாற்காலி அதுவரை காலியாக இருக்காதே என்றார். ஆகட்டும் என்றேன்.

திரும்பி வந்தேன். என்ன சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. தன் நாற்காலியை இழுத்து என் மேசையோரம் போட்டுக்கொண்டாள்.

“எதுலேருந்து ஆரம்பிக்கலாம்?” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.