கீழடுக்கின் வெள்ளைக்கல்

கன்னியம்மாளின் பெருவிரலில் புதிதாக ஒரு வெட்டு. மருந்து வைக்கத்தான் வேதா அந்தக் கையைப் பிடித்தாள். நகக்கண்ணில் வெள்ளைக்கல் தூள் மினுங்கியது. குழியில் மண் அள்ளுகிறவளின் விரலில் அது இருக்க வழியில்லை. கல் உடைக்கிறவளிடம்தான் இருக்கும்.

"அக்கா, இது எப்பிடி வந்துது?"

கன்னியம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

கீழ்பென்னாத்தூருக்கு மேற்கே இந்தப் பாறைக்குகையில் வேதா அகழாய்வுக் குழி போட்டு இது மூன்றாவது கோடை. தொண்ணூற்று நான்கில் ஒன்றும் அகப்படவில்லை. மறு வருஷம், மூடிவிடலாம் என்று அவள் சொன்ன இரண்டாம் நாள், அடிமண்ணில் ஒரு வெள்ளைக்கல் சில்லு கிடைத்தது. சுண்டுவிரல் நீளம், கத்திபோல் மெல்லிசு. பழைய கற்காலத்தின் பெரிய கைக்கோடரிகள் மட்டுமே இருக்க வேண்டிய ஆழம் அது. பிறகு வாரம் தவறாமல் கிடைத்தன. சில்லுக்கருவி செய்யும் நுட்பம் இதுவரை நினைத்ததைவிடப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே இந்தப் பக்கம் பரவிவிட்டது என்று, செங்கம் சாலை வாடகை அறையில் உட்கார்ந்து முனைவர் பட்டத்துக்கு முந்நூறு பக்கம் எழுதினாள். அதற்காகக் கல்யாணத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டாள். இன்று மதியம் பேராசிரியர் பார்க்க வருகிறார்.

"கல்லு கெடைக்கலன்னா மூடிட்டுப் பூடுவேன்னு நீங்கதான மா சொன்னீங்க," என்றாள் கன்னியம்மாள். "குவாரியில ஜல்லி ஒடைச்சித்தான் எங்க வீட்டுக்காரரு நெஞ்செல்லாம் தூசி கட்டிகினு படுத்துகினு கீறாரு. திரும்ப அங்க போவ பயமா இருந்துது. நீங்க காட்டுன படத்தப் பாத்துதான் செஞ்சி குழியில பொதச்சேன்."

கத்த வேண்டும்போல் இருந்தது. வேதா பெட்டியைத் திறந்து அறுபத்திரண்டு சில்லுகளையும் சாக்கின்மேல் கொட்டினாள். வெள்ளைக்கல் வயதைக் காட்டாது. நேற்று உடைத்ததும் என்றோ உடைத்ததும் ஒரே மாதிரி பளபளத்தன.

"உங்களுது எதெதுன்னு எடுத்துடுங்கக்கா. உங்க கால்ல வேணா உழறேன்."

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதீங்க மா."

கன்னியம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பைத் தடவி, இடப்பக்கம் வைத்தாள். அந்தக் குவியல் ஏறிக்கொண்டே போனது. வேதா எண்ணுவதை நிறுத்திவிட்டாள். கடைசியில் மூன்று மிஞ்சின. அவற்றைக் கன்னியம்மாள் வெயிலில் தூக்கிப் பிடித்தாள், திருப்பினாள், முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"இது மூணும் தெரில மா. நான் செஞ்ச மாதிரியும் கீது, இல்லாத மாதிரியும் கீது."

"நல்லாப் பாருங்கக்கா."

"பாத்துட்டேன் மா." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சரிவின் கீழே ஜீப் வந்து நின்றது. பேராசிரியர் இறங்கி, நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார். "வேதா, இந்த வாரம் எதாவது கெடைச்சுதாம்மா?"

வேதா மூன்று சில்லுகளையும் உள்ளங்கையில் மூடிக்கொண்டு எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் கன்னியம்மாள், யாரும் சொல்லாமலே, மண்கூடையை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.